ஆறு பாகை அடக்கம்

0, 0, 0, 1, 2, 4, 6.

இந்த ஏழு எண்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெட்ரோல் இன்ஜினை ஆளும் கணினிக்குள், யாரும் எட்டிப் பார்க்காத ஓர் ஓரத்தில், இப்படி ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் மேலே இன்னொரு வரிசை: 10, 20, 30, 40, 50, 60, 70. மேலே இருப்பது இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் சூடு, செல்சியஸ் கணக்கில். கீழே இருப்பது, அந்தச் சூட்டுக்குப் பிளக்கின் பொறியை எத்தனை பாகை தாமதிக்க வேண்டும் என்ற கட்டளை. குழப்பம் வராமலிருக்க, சூட்டை டிகிரி என்றும் கிராங்கின் சுழற்சியைப் பாகை என்றும் சொல்லிக்கொள்வோம்.

எண்கள் நான் எழுதிக்கொண்ட மாதிரிதான். இன்ஜினுக்கு இன்ஜின் அவை மாறும். ஆனால் சாயல் பெரும்பாலும் மாறாது: முதலில் ஒரு சமதளம், பிறகு மெல்லிய சரிவு, பிறகு வேகமான சரிவு, கடைசியில் ஒரு முட்டுக்கட்டை. இந்தச் சாயலுக்குள் இருக்கும் நுட்பம் கொஞ்சம் நின்று ரசிக்கத் தக்கது. அதற்கு முதலில் பொறி ஏன் முன்கூட்டியே விழுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருமுன்பே பிளக் பற்றவைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஓடும்போது 20, 25 பாகை முன்னதாகவே பொறி விழுவது சாதாரணம். ஏனென்றால் தீக்கு நேரம் வேண்டும். பிளக்கின் முனையில் கடுகளவாகத் தொடங்கி, சுழன்றடிக்கும் கலவையைத் தின்றுகொண்டு, நொடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில் அது சிலிண்டர் சுவர் வரை நடந்து போகிறது. நடந்து முடிக்கும் தறுவாயில் அழுத்தம் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம், பிஸ்டன் மேலே வந்து திரும்பி 12 முதல் 15 பாகை இறங்கியிருக்கும்போது அமைந்தால் கிராங்குக்குக் கிடைக்கும் முறுக்கு மிக அதிகம். அதற்கு முன்னால் அமைந்தால் ஏறிவரும் பிஸ்டனையே தீ எதிர்த்துத் தள்ளும். பின்னால் அமைந்தால் இறங்கிப் போய்விட்ட பிஸ்டனைத் துரத்தும்.

கச்சேரியில் அதீத எடுப்பு என்று ஒன்று உண்டு. தாளத்தின் முதல் தட்டு விழுவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். அழுத்தம் பெற வேண்டிய சொல் மட்டும் தட்டின்மேல் கச்சிதமாக வந்து உட்காரும். இன்ஜினின் பொறி எப்போதும் அதீத எடுப்புதான். தொடங்கிய சொல் தட்டை எட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது பாடகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜினுக்கும் அதே கேள்வி. ஆனால் இங்கே 3000 ஆர்பிஎம்மில் ஒரு பாகை என்பது ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்கு.

இந்தக் கணக்கை ஒரு காலத்தில் மனிதக் கைதான் போட்டது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் இரண்டு நெம்புகள்: வலப்பக்கம் திராட்டிலுக்கு, இடப்பக்கம் பொறிக்கு. கிராங்கைக் கையால் சுற்றுவதற்கு முன் இடது நெம்பைத் தாமத நிலைக்குக் கொண்டுபோக மறந்தால், இன்ஜின் திருப்பி உதைத்துக் கையை முறித்துவிடும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வேகம் கூடினால் விரிந்து பொறியை முன்னே தள்ளும் சிறு எடைகள். சுமை குறைந்தால் இன்ஜினின் உறிஞ்சலில் இழுபட்டு இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளும் ஒரு சவ்வு. அம்பாசிடர், பத்மினி காலத்து மெக்கானிக் பாயின்ட் இடைவெளி வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை விரலால் ஒரு நூல் திருப்பி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, நாக்கிங் என்ற உலோகச் சத்தம் கேட்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவார்.

அந்த அமைப்புக்கு வேகம் தெரியும், சுமை தெரியும். காற்றின் சூடு மட்டும் தெரியாது. மார்கழிக் காலையில் வைத்த டைமிங்தான் கத்திரி வெயிலுக்கும். ஆகவே கெட்டிக்கார மெக்கானிக், மார்கழியிலேயே கத்திரியை மனதில் வைத்துத்தான் டைமிங் வைப்பார். விளைவு, சில வாரக் கடும் வெயிலுக்கான விலையை வண்டி ஆண்டு முழுவதும் கட்டிக்கொண்டே ஓடும். நம் ஏழு எண்களின் முதல் நயம் இங்கே இருக்கிறது. கத்திரிக்கான விலையைக் கத்திரியில் மட்டும் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு அது.

காற்றின் சூட்டையும் பொறியையும் மின்னணுவால் கோர்த்த முன்னோடிகளில் ஒன்று, 1976 மாடல் கார்களில் கிரைஸ்லர் கொண்டுவந்த லீன் பர்ன் அமைப்பு. கணினிப் பெட்டியை ஏர் கிளீனரோடு ஒட்டியே பொருத்தினார்கள். காற்றின் சூட்டை அறியும் சென்சாரும் அதோடு இருந்தது. 1979-ல் போஷின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில், பொறியையும் எரிபொருளையும் ஒரே டிஜிட்டல் கணினிக்குள் கொண்டுவந்தது. அட்டவணை எழுத ஓர் இடம் கிடைத்தது அப்படித்தான். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின், அலுவலகம் போகிற பைக்கும் ஸ்கூட்டரும்கூடப் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அதோடு காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரும் வந்து சேர்ந்தது. பல வண்டிகளில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரோடு ஒரே கூட்டுக்குள்.

சரி, காற்று சூடானால் என்ன கெட்டுவிடும்?

இன்ஜின் காற்றை அப்படியே எரிப்பதில்லை, அமுக்கி எரிக்கிறது. பத்து பங்கு இடத்தில் இருந்த கலவையை ஒரு பங்கு இடத்துக்குள் அடைக்கும்போது அதன் சூடு, கெல்வின் கணக்கில், ஏறக்குறைய இரண்டே கால் மடங்காகிறது. 27 டிகிரியில் நுழைந்தது 400 டிகிரிக்கு அருகே போய் நிற்கும். வாசலில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் உள்ளே இரண்டுக்கு மேலாகப் பெருகுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வெளியே நமக்கு வியர்வையோடு போய்விடும் பத்து டிகிரி வித்தியாசம், உள்ளே இருபத்திரண்டு.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. பிளக்கிலிருந்து தீ நடந்து வரும்போது, தூரத்து மூலையில் இன்னும் எரியாத கலவை காத்திருக்கிறது. பிஸ்டன் ஒருபுறம் அதை அமுக்க, எரிந்து விரியும் வாயு மறுபுறம் அமுக்குகிறது. அமுங்க அமுங்கச் சூடு. தீ வந்து தொடுமுன் அந்த மூலை தானாகவே பற்றிக்கொண்டால், அதுதான் நாக்கிங். அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை அதிரும். காதுக்குக் கிணுகிணுவென்று உலோகச் சத்தம். விடாமல் நீடித்தால், பிஸ்டன் தலையைக் காத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலம் சிதைந்து, அலுமினியம் அரிபட ஆரம்பிக்கும்.

ஆக, தீ முந்துகிறதா, மூலை முந்துகிறதா என்பதே ஒவ்வொரு எரிதலிலும் கேள்வி. மூலை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் தூவோவும் எய்சாவும் 1978-ல் ஒரு சூத்திரம் தந்தார்கள். இன்றும் இன்ஜின் மாதிரிகளில் அது பயன்படுகிறது. ஆக்டேன் எண், அழுத்தம், சூடு ஆகிய மூன்றும் அதில் உண்டு. சூடு மட்டும் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. அடுக்குக்குறியில் இருப்பவரோடு விளையாடக் கூடாது. அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால், வாசல் காற்று 27 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்கு ஏறும்போது, அழுத்தம் மாறாதிருக்க, மூலையின் பொறுமை ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடுகிறது. 20 டிகிரி என்பது சென்னையில் மார்கழி அதிகாலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையிலான சாதாரண வித்தியாசம்தான்.

பொறியைத் தாமதித்தால் என்ன ஆகிறது? அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் இறங்கியபின் வருகிறது. இறங்கியபின் இடம் பெரிது. இடம் பெரிதானால் அழுத்தமும் சூடும் குறைவு. மூலைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. சூடான கலவையில் தீயின் நடையும் சற்று வேகம்தான் என்பதால், அதற்கு அவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டிய தேவையும் குறைகிறது. இரண்டு காரணங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இனி சென்சார். மிளகைவிடச் சிறிய ஒரு மணி; மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்தது. சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். கார்களில் பரவலாகக் காணப்படும் போஷ் வகையில் 20 டிகிரிக்கு 2500 ஓம்; 40-க்கு 1175; 60-க்கு 596; 80-க்கு 323. ஒவ்வொரு இருபதுக்கும் ஏறக்குறையப் பாதியாகிக்கொண்டே போகிறது. அந்த மணிக்குள் மின்னோட்டம் போக வேண்டுமானால், மின்சுமை ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்கு ஒரு தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சூடு கூடக் கூடக் குதிப்பவை பெருகும். அதனால்தான் அதன் விதியும் அடுக்குக்குறியில் எழுதப்படுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு வியப்பு. மூலையில் காத்திருக்கும் பெட்ரோல் மூலக்கூறும் ஒரு தடுப்பைத் தாண்டினால்தான் பற்றும். அதன் விதியும் அதே வடிவம். தூவோ, எய்சா சூத்திரத்தில் அந்தத் தடுப்பின் உயரத்தைச் சொல்லும் எண் 3800 கெல்வின். போஷ் மணியின் 0 டிகிரித் தடையையும் 100 டிகிரித் தடையையும் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 3500 கெல்வின். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல்தான். மணி வாழும் சூடு வேறு, மூலை வாழும் சூடு வேறு. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பது தற்செயலில்லை. ஆபத்து எந்த இலக்கணத்தில் வளர்கிறதோ, அதே இலக்கணத்தில் எழுதப்பட்ட ஒரு பொருளைத்தான் காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம். இரண்டு இடத்திலும் சூடு செய்வது ஒரே வேலை: தடுப்பைத் தாண்டுவோரைப் பெருக்குவது.

இப்போது எண்களுக்கு வரலாம்.

முதல் மூன்று பூஜ்யங்கள். ஒன்றும் செய்யாதே என்பது அவற்றின் பொருள். இன்ஜினின் முதன்மை டைமிங் அட்டவணை தயாராவது சோதனைக்கூடத்தில். இன்ஜின் சக்தியை அளக்கும் சர்வதேசத் தரங்கள் காற்றின் சூட்டை 25 டிகிரி என்று வைத்தே கணக்கிடுகின்றன. அந்தச் சூட்டை ஒட்டி எழுதிய அட்டவணைக்கு, அதே சூட்டில் திருத்தம் எதற்கு? 10 டிகிரியில் ஏன் பொறியை இன்னும் முன்னே தள்ளவில்லை என்று கேட்கலாம். குளிர்ந்த கலவையில் தீ சற்று மெதுவாக நடக்கும். நாக்கிங் பயமும் குறைவு. ஒரு பாகை முன்னே தள்ளினால் ஒரு துளி கூடுதல் இழுவை கிடைக்கலாம். சிலர் அங்கே அந்த ஒரு பாகையைத் தருவதும் உண்டு. ஆனால் தாராளம் கிடையாது. அதற்குக் காரணம் முறுக்கின் வளைகோடு உச்சியில் தட்டையாக இருப்பது. சரியான இடத்திலிருந்து ஓரிரு பாகை விலகினால் இழப்பு நூற்றில் ஒரு பங்குகூட வராது. பத்து பாகை விலகினால்தான் நாலைந்து பங்கு தெரியும். முன்னே போய்ப் பெறக்கூடிய லாபம் சில்லறை. தவறாகப் போனால் நஷ்டம் பிஸ்டன். லாபமும் நஷ்டமும் இப்படிச் சமமில்லாத இடத்தில், ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த அட்டவணைதான் நியாயமான அட்டவணை.

40-க்கு நேரே வரும் 1, பார்க்கச் சாதாரணம். ஆனால் சூடு தெரியத் தொடங்கும் முன்பே எழுதப்பட்ட 1 அது. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணே சூட்டைப் பற்றிய ஒரு வாக்குமூலம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 91 ரகப் பெட்ரோல் என்பதில் வரும் 91, ரிசர்ச் முறையில் எடுத்தது: சோதனை இன்ஜின் 600 ஆர்பிஎம்மில் ஓட, உள்ளே போகும் காற்று சுமார் 52 டிகிரி. அதே பெட்ரோலை மோட்டார் முறையில், 900 ஆர்பிஎம்மில், கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கிச் சோதித்தால் எண் இறங்கிவிடும். 91 ரகப் பெட்ரோலுக்கு இந்தியத் தரம் கேட்பது குறைந்தபட்சம் 81. பெட்ரோல் அதேதான். சூட்டில் அதன் பொறுமை குறைகிறது. பங்கில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி முதன்மை அட்டவணை தைரியமாக இருக்கிறது. சூடு ஏறும்போது அந்த எண் மெல்லத் தேய்கிறது என்பதை இந்த 1 நினைவில் வைத்திருக்கிறது.

2-க்குப் பின் 3 வராமல் 4 வருவதுதான் வரிசையின் அழகான இடம். ஒரே சீராக, பத்து டிகிரிக்கு ஒரு பாகை என்று எழுதியிருக்கலாம், எழுதுவதும் எளிது. ஆனால் ஆபத்து சீராக வளரவில்லை. 60-ஐத் தாண்டிய காற்று ஏன் வருகிறது என்று யோசித்தால் அது புரியும். வெளியே எந்த ஊரிலும் 60 டிகிரி காற்று இல்லை. அவ்வளவு சூடு வந்தால், வண்டி நெரிசலில் சிக்கி பானட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. அல்லது டர்போ மூச்சுமுட்ட வேலை செய்கிறது. 35 டிகிரிக் காற்றை டர்போ 1.8 மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனில், அது வெளிவரும்போது 115 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்டர்கூலர் அதை ஐம்பது அறுபதுக்கு இறக்கித் தருகிறது. இன்டர்கூலரைத் தாண்டியும் 60-க்கு மேல் வருகிறதென்றால், காற்று மட்டுமல்ல, சிலிண்டர் தலை, வால்வு, பிஸ்டன் என எல்லாமே சூடேறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சென்சார் காட்டுவது காற்றின் சூட்டை மட்டும். அந்த 4 அதற்குப் பின்னால் இருக்கும் மொத்த நிலைமையையும் ஊகித்துப் பதில் சொல்கிறது.

பிறகு 6, அதோடு நிறுத்தம். 70-க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் ஆறுதான். இங்கே ஏன் மேலே போகவில்லை? பொறி தாமதித்தால் எரிதலும் தாமதிக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு, வெளியேற்றும் வால்வையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையும் தேடிப் போகும். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் கணினியே வேண்டுமென்று பொறியைத் தாமதித்து, அந்தச் சூட்டைக் கொண்டு கேட்டலிஸ்டைச் சீக்கிரம் தயார்ப்படுத்துவது உண்டு. அப்போது அது மருந்து. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் இன்ஜினில் அதுவே விஷம். ஆறு பாகையிலும் நாக்கிங் அடங்கவில்லையென்றால் பதில் பொறியில் இல்லை. டர்போ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கலவையில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். தன் எல்லை எது என்று தெரிந்த ஓர் எண் அது.

வரிசையைத் தனியாகப் பார்த்தால் தெரியாத இன்னொரு நுட்பம், அது எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு; காற்று 60 டிகிரியானாலும் நாக்கிங் வராது. அங்கே பொறியைத் தாமதித்தால் மைலேஜ் வீண். அதனால் நல்ல அட்டவணை ஒற்றை வரியோடு நிற்காமல் சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ப விரியும். சுமை குறைந்த வரிகளில் எல்லாம் பூஜ்யம். சுமை ஏற ஏற எண்கள் முளைக்கும். வேகம் மிக ஏறினால் மறுபடி தேயும். ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால், மூலை பற்றிக்கொள்ளுமுன் தீ வந்துவிடுகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று. சூடான காற்று லேசானது. 27 டிகிரியில் 100 பங்கு நுழையும் சிலிண்டரில் 57 டிகிரியில் 91 பங்குதான் நுழையும். பல இன்ஜின்களில் முதன்மை அட்டவணை, ஒரு சிலிண்டருக்குள் எவ்வளவு எடை காற்று போனது என்பதைச் சுமையாகக் கொண்டு பொறியை வைக்கிறது. காற்று குறைந்தால் சுமை குறைவு. சுமை குறைந்தால் பொறியை முன்னே தள்ளலாம் என்பது அதன் விதி. ஆக, வெயில் நேரத்தில் முதன்மை அட்டவணை பொறியை முன்னே தள்ளுகிறது. நம் வரிசை பின்னே இழுக்கிறது. இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்று காற்றின் அளவைப் பார்க்கிறது, மற்றது அதன் குணத்தைப் பார்க்கிறது. அட்டவணை எழுதுபவர், முதலாவது எவ்வளவு முன்னே தள்ளியிருக்கும் என்பதையும் கூட்டிக்கொண்டுதான் இரண்டாவதை எழுத வேண்டும். பார்வைக்கு 4 என்று இருப்பது, உள்ளே போய் மூன்றாகவோ இரண்டரையாகவோதான் மிஞ்சலாம்.

சென்சாரை எவ்வளவு நம்புவது என்பதிலும் அளவு உண்டு. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திய வண்டியைக் கிளப்பினால், சென்சார் 70 டிகிரி என்று சொல்லக்கூடும். அது காற்றின் சூடாக இருக்க வேண்டியதில்லை. சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் சூடாக இருக்கலாம். நல்ல காற்று ஓடத் தொடங்கியபின்தான் மணி உண்மைக்கு வரும். அதற்குள் தேவையில்லாமல் ஆறு பாகை போய்விட்டால், சிக்னலில் ஓட்டுநர் மிதிப்பார், வண்டி சோம்பும். அதனால்தான் மணியைப் பித்தளைக்குள் புதைக்காமல், காற்று நேராகத் தழுவும்படி பிளாஸ்டிக் கூண்டில் திறந்து வைக்கிறார்கள். கணினியும் தன் பங்குக்கு ஒரு சமரசம் செய்கிறது. காற்றோட்டம் குறைவாக இருந்தால், காற்று வழியில் தங்கி இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆகவே சிலிண்டரை எட்டும்போது அதன் சூடு, காற்றுச் சென்சாரின் எண்ணுக்கும் குளிர்நீரின் எண்ணுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஓட்டம் கூடினால் காற்றின் எண்ணுக்கு அருகில், குறைந்தால் நீரின் எண்ணுக்கு அருகில். இரண்டு சாட்சிகளில் யாரை எப்போது அதிகம் நம்புவது என்பதையும் ஓர் அட்டவணையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சென்சாருக்குத் தெரியாதவையும் உண்டு. அது பெரும்பாலும் பெட்ரோல் தெளிக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கலவை குளிர்வதை அது பார்ப்பதில்லை. எத்தனால் ஆவியாக, அதே எடைப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். எத்தனால் கூடிய எரிபொருளில் சிலிண்டருக்குள் இருப்பது சென்சார் சொல்வதைவிடக் குளிர்ந்த கலவை. ஈரப்பதமும் அப்படித்தான். சென்னையின் ஈரக் காற்று தீயின் நடையைச் சற்றுத் தளர்த்தும், நாக்கிங்கையும் தள்ளிப்போடும். அதே 40 டிகிரி வேலூரின் வறண்ட காற்றில் இன்னும் கறாரானது. சென்சாருக்கு இரண்டும் 40-தான். ஆகவே அட்டவணை வேலூருக்காக எழுதப்பட வேண்டும். சென்னைக்காரர் ஒரு துளி கூடுதலாகக் கட்டுவார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டியில் இவை எல்லாம் ஒரே பயணத்தில் நடக்கும். அடிவாரத்தில் 35 டிகிரி, நிறைந்த சுமை, இரண்டாவது கியர், மெதுவான வேகம். பானட்டுக்குள் காற்று தேங்குகிறது. வெளியே குளிரத் தொடங்கியும் உள்ளே சூடு ஏறுகிறது. அங்கே வரிசையின் வலது கோடி வேலை செய்யும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெளிக்காற்று இறங்கி, 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் அடிவாரத்தில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்தபின், மூலையின் பொறுமை நிறையவே கூடிவிடுகிறது. திருத்தம் தானாக ஒவ்வொரு பாகையாக விலகிக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில் அடிவாரத்துக்குப் பயந்து வைத்த டைமிங்கோடுதான் உச்சியிலும் ஓட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவு எதற்கு, நாக் சென்சார்தான் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் பிளாக்கில் திருகிய அந்தச் சென்சார் அதிர்வைக் கேட்டுப் பொறியைச் சட்டென்று இழுக்கும். பிறகு மெல்ல மெல்லத் திரும்ப விடும். அருமையான காவல். ஆனால் அது கேட்க வேண்டுமானால் ஒரு நாக்கிங்காவது நடந்திருக்க வேண்டும். நம் வரிசையோ, அது நடப்பதற்கு முன்பே ஒதுங்கிக்கொள்கிறது. வருமுன் காப்பதும் வந்தபின் காப்பதும் இரண்டுமே வேண்டும். ஆனால் முதலாவது தன் வேலையைச் சரியாகச் செய்தால் இரண்டாவதுக்கு வேலையே இருக்காது. அதைச் செய்தது யார் என்று கேட்கவும் ஆள் இருக்காது. இழுவையில் ஒன்றிரண்டு சதவீதத்தை முன்கூட்டியே, கணக்குப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பது என்பதுதான் இந்த வரிசையின் மொத்தக் கருத்து. விட்டுக்கொடுப்பதில் இவ்வளவு அளவு தெரிந்திருப்பதே அதன் நயம்.

இதை நம்பிக்கையில் விட வேண்டியதில்லை, கண்ணால் பார்க்கலாம். இன்றைய கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி இணைப்பில் ஒரு சிறு புளூடூத் ரீடரைச் செருகினால், உள்ளே வரும் காற்றின் சூடும் பொறியின் முன்னெடுப்பும் இரண்டு எண்களாகப் போனில் ஓடும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும். காலையில் ஒரு மேம்பாலத்தில், ஒரே கியரில், ஒரே வேகத்தில், ஒரே மிதியில் ஏறும்போது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் நெரிசலில் அரை மணி நேரம் நின்ற பிறகு அதே மேம்பாலத்தில் அதேபோல் ஏறுங்கள். காற்றின் எண் கூடி, பொறியின் எண் ஓரிரண்டு பாகை குறைந்திருந்தால், அதில் நாக் சென்சாரின் பங்கும் இருக்கலாம். அப்படியே விடாமல் சில கிலோமீட்டர் நல்ல காற்றில் ஓட்டிவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். சூடு இறங்கிய உடனேயே பொறி திரும்பி வந்தால், பெரும்பாலும் அது இந்த அட்டவணையின் வேலை. சூடு இறங்கியும் பொறி தயங்கித் தயங்கி வந்தால், நாக் சென்சார் எதையோ கேட்டிருக்கிறது. அடுத்த முறை பெட்ரோல் போடும் பங்கை மாற்றிப் பாருங்கள்.